ஃப்ரிட்ஜின் இரைச்சல்: தமிழ்நாட்டு வீடுகளில் குளிரின் வரலாறு

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி, பேச்சுவழக்கில் ஃப்ரிட்ஜ், பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடும் மின்கருவி. இது குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை இடம் மாற்றுகிறது. இந்த வேலையைச் செய்வது மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் ஒரு வளி. மெக்கானிக்குகள் அதைக் 'கேஸ்' என்பார்கள். கம்ப்ரசர் அந்த வளியை அழுத்திச் சூடாக்கும். பெட்டியின் பின்புறமோ பக்கச் சுவர்களிலோ உள்ள குழாய்களில் அது வெப்பத்தை இழந்து நீர்மமாகும். பின்னர் மயிரிழை போன்ற நுண்குழாய் வழியாக உள்ளே சென்று விரிந்து ஆவியாகும்போது பெட்டிக்குள் உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஃப்ரிட்ஜின் ஒலிகளில் பெரும்பாலானவை இந்தச் சுற்றின் ஏதாவது ஒரு கட்டத்தில் பிறப்பவை.

இந்தக் கருவியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே சொல்லப்படுகிறது. அதைப் பழுதுகளின் வரிசையாகவும் சொல்லலாம். உருகிய பனி, கசிந்த நச்சுவாயு, பொறுக்க முடியாத இரைச்சல், தாழ்ந்த மின்னழுத்தம், வானடுக்கைக் கெடுத்த வளி என ஒவ்வொரு குறையும் பெட்டியின் அடுத்த வடிவத்தைத் தீர்மானித்தது. ஒரு குறையைச் சரிசெய்ததால் வந்த செலவு பல நேரங்களில் வேறோர் இடத்தில், வேறொருவர் தலையில் விழுந்தது.

பெட்டிக்கு முந்தைய காலம்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டத்தில் உள்ள கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயிலால் அறியப்பட்ட ஊர். பாண்டிய நாட்டின் ஐம்பூதத் தலங்களில் நெருப்புக்குரிய தலமாக இது சொல்லப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே உள்ள இந்த வறண்ட நிலத்தில் கோடை வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம்.

இத்தகைய ஊர்களில் உணவைக் காக்கும் முறைகள் வெயிலையும் உப்பையும் புளிப்பையும் நம்பி இருந்தன. காய் வற்றலாகவும் இறைச்சி உப்புக்கண்டமாகவும் மீன் கருவாடாகவும் ஆயின. மீந்த சோறு நீரில் ஊறிப் பழையதாயிற்று. பால் தயிராகவும் மோராகவும் நெய்யாகவும் மாறி ஆயுளை நீட்டிக்கொண்டது. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாத உறியில் சட்டிகள் தொங்கின. குடிநீரை மண்பானை குளிரவைத்தது. பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நீர்மம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும் என்ற விதியின்படிதான் ஃப்ரிட்ஜும் இயங்குகிறது. பானையில் ஆவியாகும் நீர் காற்றோடு போய்விடும், பெட்டியில் ஆவியாகும் வளி திரும்பத் திரும்பச் சுற்றுக்குள் வரும். அவ்வாறு திரும்ப வரச்செய்வதற்கே கம்ப்ரசர் தேவைப்படுகிறது.

கப்பலில் வந்த பனி

தமிழகத்துக்குப் பெருமளவில் வந்த முதல் குளிர் அமெரிக்காவிலிருந்து கடல்வழியே வந்தது. பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளின் பனியைப் பாளங்களாக வெட்டி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833-இல் அவருடைய பனி ஏற்றிய டஸ்கனி என்ற கப்பல் கல்கத்தாவை அடைந்தது. புறப்படும்போது அதில் சுமார் 180 டன் பனி இருந்தது. நான்கு மாதப் பயணத்தில் ஒரு பகுதி உருகியது போக, சுமார் 100 டன் கரை சேர்ந்தது.

சென்னைக் கடற்கரையில் பனியைச் சேமிக்க 1842-இல் ஒரு கிடங்கு கட்டப்பட்டது. அதுவே ஐஸ் ஹவுஸ். அங்கிருந்து பனியை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும் மருத்துவமனைகளும். உருகுவதுதான் இந்த வணிகத்தின் நிலையான பழுது. அதைத் தாமதப்படுத்த முடிந்ததே தவிரத் தடுக்க முடியவில்லை.

1874-இல் சென்னையில் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி நீராவி இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியது. உள்ளூர் பனி மலிவாகக் கிடைத்ததும் கப்பல் பனிக்கு வேலை இல்லாமல் போயிற்று. கிடங்கை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்காக நடத்திய விடுதியும் அக்கட்டடத்தில் இயங்கியது. இன்று அது விவேகானந்தர் இல்லம். அப்பகுதியை ஐஸ் ஹவுஸ் என்று அழைக்கும் வழக்கம் மட்டும் மறையவில்லை.

கசிவும் ஊளையும்

பனி ஆலை ஊருக்கு வெளியே இருக்கும்வரை அதன் இரைச்சல் யாரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. இயந்திரம் வீட்டுக்குள் வந்தபோதுதான் சத்தமும் கசிவும் சிக்கலாயின. 1920-களின் வீட்டுப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகிய வளிகள் சுற்றிவந்தன. மூன்றும் நச்சுத்தன்மை கொண்டவை. மோட்டாரிலிருந்து கம்ப்ரசருக்குள் நுழையும் சுழல்தண்டைச் சுற்றி அடைப்பு வைத்திருப்பார்கள். அந்த அடைப்பு தேய்ந்தால் வளி வீட்டுக்குள் கசியும்.

பெர்லினில் ஒரு குடும்பம் இப்படிக் கசிந்த வளியால் தூக்கத்திலேயே இறந்த செய்தி ஆல்பர்ட் ஐன்ஸ்டைனைப் பாதித்தது. அவரும் இளம் இயற்பியலர் லியோ சிலார்டும் 1926 முதல் அசையும் உறுப்புகளே இல்லாத குளிர்சாதனத்தை வடிவமைக்க முயன்றனர். சுழல்தண்டு இல்லையென்றால் தேய்வதற்கு அடைப்பும் இருக்காது என்பது அவர்களுடைய எண்ணம். இருவரும் பல நாடுகளில் காப்புரிமை பெற்றனர். அவற்றில் அமெரிக்கக் காப்புரிமை 1930 நவம்பரில் வழங்கப்பட்டது.

அவர்களுடைய வடிவங்களுள் ஒன்றில் காந்தப்புலம் திரவ உலோகத்தை முன்னும் பின்னும் தள்ளி வளியை அழுத்தியது. ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் இதன் மாதிரியைச் செய்து பார்த்தது. அது இயங்கியது, ஆனால் மிகுந்த ஓசை எழுப்பியது. அது நரிபோல ஊளையிட்டது என்று இயற்பியலர் டெனிஸ் காபோர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பொறியாளர்கள் ஓசையை ஓரளவு குறைத்தனர். அதற்குள் பொருளாதார நெருக்கடி வந்தது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் சிலார்ட் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். பெட்டி கடைக்கு வரவே இல்லை. திரவ உலோகத்தை மின்காந்தத்தால் தள்ளும் கருத்து மட்டும் பின்னர் அணு உலைத் தொழில்நுட்பத்தில் பயன்பட்டது. சோடியத்தால் குளிர்விக்கப்படும் வேக ஈனுலைகளில் இத்தகைய பம்புகள் இடம்பெற்றன. கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலை அந்த வகை உலைகளுள் ஒன்று.

இதே சிக்கலுக்கு சுவீடனில் வேறொரு தீர்வு ஏற்கெனவே இருந்தது. பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் 1922-இல் வெப்பத்தால் மட்டுமே இயங்கும் குளிர்சாதனத்தை வடிவமைத்தனர். எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கம்ப்ரசர் இல்லாததால் அதில் இரைச்சலும் இல்லை. மண்ணெண்ணெய் விளக்குச் சுடரே அதை இயக்கப் போதும். மின்சாரம் எட்டாத இடங்களில் மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜ் பல பத்தாண்டுகள் பயன்பட்டது. ஆனால் குளிர்விக்கும் திறன் குறைவு என்பதால் மின்கம்பி வந்த ஊர்களில் அது கம்ப்ரசருக்கு வழிவிட்டது.

மூடிய கலன்

1927-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'மானிட்டர் டாப்' என்ற பெட்டியை விற்கத் தொடங்கியது. அதில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே எஃகுக் கலனுக்குள் வைத்து மூடப்பட்டிருந்தன. சுழல்தண்டு கலனை விட்டு வெளியே வராததால் கசிவு குறைந்தது, ஓசையும் அடங்கியது. இன்றைய ஃப்ரிட்ஜின் பின்புறம் கீழே தெரியும் கறுப்பு உருண்டையும் அத்தகைய மூடிய கலன்தான்.

கலனுக்குள் இருந்த நச்சுவாயுவை மாற்றும் வேலை அடுத்து நடந்தது. தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் குளோரோஃபுளோரோகார்பன் என்ற சேர்மத்தைக் குளிர்சாதனத்துக்குப் பொருத்தமானதாகக் கண்டறிந்தனர். அதன் வணிகப் பெயர் ஃபிரியான். 1930-இல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வளியை மூச்சாக இழுத்து ஒரு மெழுகுவத்திச் சுடர்மேல் ஊதினார். சுடர் அணைந்தது, மிட்ஜ்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. நச்சும் இல்லை, தீயும் பற்றாது என்பதை ஒரே மூச்சில் காட்டிவிட்டார். அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்குமேல் உலகின் வீட்டு ஃப்ரிட்ஜுகளில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்-12 வளியே ஆட்சி செய்தது.

கலனை மூடியதால் இன்னொரு விளைவும் உண்டாயிற்று. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அதனால் மெக்கானிக் தொட்டுப்பார்க்கும் சூடும் காதால் கேட்கும் ஓசையும் பழுதை அறியும் கருவிகளாயின.

தெற்கே வந்த மின்சாரம்

சென்னை மாகாணத்தில் 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம் என நீர்மின் நிலையங்கள் அடுத்தடுத்து இயங்கத் தொடங்கின. தாமிரபரணியின் நீரால் இயங்கிய பாபநாசம் நிலையம் திருநெல்வேலிச் சீமையின் ஆலைகளுக்கும் ஊர்களுக்கும் மின்சாரம் தந்தது. 1957 ஜூலை 1-இல் சென்னை மாநில மின்வாரியம் உருவானது. கிராமங்களுக்கு மின்கம்பிகள் சென்றதில் பாசனக் கிணறுகளின் பம்ப்செட்டுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. வீட்டு விளக்கும் பின்னர் வீட்டுக் கருவிகளும் அதே கம்பிகளைப் பின்தொடர்ந்து வந்தன.

1958-இல் கோத்ரெஜ் நிறுவனம் ஜெனரல் எலெக்ட்ரிக்குடன் இணைந்து இந்தியாவிலேயே ஃப்ரிட்ஜ் செய்யத் தொடங்கியது. ஐதராபாத்தின் ஆல்வின், பரீதாபாத்தின் கெல்வினேட்டர், வோல்டாஸ் ஆகிய பெயர்களும் அடுத்த பத்தாண்டுகளில் பழக்கமாயின. உரிமம் பெற்றவர்கள் மட்டுமே தயாரிக்கக்கூடிய காலம் அது. பெட்டியின் விலையும் அதன்மேல் விதிக்கப்பட்ட வரியும் உயரம். ஃப்ரிட்ஜ் ஆடம்பரப் பொருளாகவே கருதப்பட்டது. ஒருமுறை வாங்கிய பெட்டியை இருபது, முப்பது ஆண்டுகள் வைத்திருந்தனர். கம்ப்ரசர் கெட்டால் மாற்றினர், கதவு ரப்பர் கிழிந்தால் புதிது போட்டனர், துரு ஏறினால் பெயின்ட் அடித்தனர். புதிய பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் பழுதுபார்க்கும் கூலி சிறிது என்பதால் பழுதுபார்ப்பே இயல்பான வழியாக இருந்தது.

1991-க்குப் பின் பொருளாதாரக் கொள்கை மாறியது. 1990-களின் இடையில் வேர்ல்பூல், சாம்சங், எல்ஜி ஆகிய பன்னாட்டு நிறுவனங்கள் வந்தன. 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை தொடங்கப்பட்டு, பின்னர் அங்கே ஃப்ரிட்ஜுகளும் தயாராயின. தவணைக் கடனும் போட்டியும் சேர்ந்து பெட்டியைச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்தன.

தாழ்ந்த மின்னழுத்தமும் மின்வெட்டும்

இந்திய வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பது கணக்கு. பம்ப்செட்டுகளும் தறிகளும் ஒரே நேரத்தில் ஓடும் ஊர்களில், மின்மாற்றிக்குத் தொலைவில் உள்ள தெருக்களில், அந்த அளவு வீடுவரை வந்து சேர்வதில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு அது புறப்படும் நொடியில் தேவைப்படுகிறது. மின்னழுத்தம் தாழ்ந்திருந்தால் கம்ப்ரசர் உறுமும், சுழலாது. சில நொடிகளில் சூடேறிய ஓவர்லோடு காப்பு 'டிக்' என்ற ஒலியோடு இணைப்பைத் துண்டிக்கும். ஆறியதும் மறுபடி இணைக்கும். உறுமல், டிக், அமைதி, மறுபடி உறுமல் என்று இது இரவெல்லாம் நீண்டால் கம்ப்ரசரின் கம்பிச்சுற்று எரிந்துபோகும்.

இதற்கு மாற்றாக வந்தது ஸ்டெபிலைசர். 1977-இல் கொச்சியில் தொடங்கிய வி-கார்டு நிறுவனம் முதலில் செய்தது ஸ்டெபிலைசர்களைத்தான். தென்னிந்திய வீடுகளில் ஃப்ரிட்ஜ் வாங்குபவர் ஸ்டெபிலைசரையும் சேர்த்தே வாங்குவது வழக்கமாயிற்று. மின்சாரம் போய் உடனே திரும்பினால் ஸ்டெபிலைசர் சில நிமிடங்கள் காத்திருந்தே பெட்டிக்கு மின்சாரம் தரும். கம்ப்ரசருக்குள் உள்ள வளியழுத்தம் சமனாக அந்த இடைவெளி தேவை.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்பற்றாக்குறையைச் சந்தித்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. ஃப்ரிட்ஜ் இருந்தும் மாவு புளித்தது, பால் திரிந்தது. வீடுகளுக்கு மின்கலத்தோடு இன்வெர்ட்டர் வந்த காலமும் அதுவே. ஆனால் அவை பெரும்பாலும் விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமே இணைக்கப்பட்டன.

மின்வெட்டைத் தாங்கும் பெட்டி ஒன்று அதற்கு முன்பே ஊர்களில் இருந்தது. 1985-இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தின் ஒரு பகுதியாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் பனிச்சுவர் கொண்ட சிறப்புப் பெட்டிகள் வைக்கப்பட்டன. தடுப்பூசிகள் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். இந்தப் பெட்டிகளின் உட்சுவரில் உறைந்திருக்கும் பனி, நாளுக்கு 8 மணி நேர மின்சாரம் கிடைத்தாலும் குளிரைக் காத்துக்கொள்ளும். மேலிருந்து திறக்கும் மூடி கொண்டவை என்பதால் திறந்தாலும் கனத்த குளிர்காற்று வெளியே வழிவதில்லை. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு இந்த வசதி இல்லை. இன்சுலின் வைத்திருக்கும் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் பழுதானால் நட்டம் மாவோடும் பாலோடும் நிற்பதில்லை.

ஓசைகள் சொல்வது

ஃப்ரிட்ஜின் எல்லா ஓசையும் பழுதின் அடையாளம் அல்ல. இந்தியாவில் மாறுமின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளை முடிக்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் காந்தவிசை இருமுறை உச்சம் அடைவதால் மோட்டாரின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் எழுகிறது. சீரான தாழ்ந்த முனகல் இதுவே. கம்ப்ரசர் நின்றபின் கேட்கும் களகள ஒலியும் மெல்லிய சீறலும் நுண்குழாயில் வளி சமனாகும் ஓசை. குளிரில் சுருங்கும் பிளாஸ்டிக் அவ்வப்போது படார் என்று ஒலிக்கும்.

கவனிக்கவேண்டிய ஓசைகள் வேறு. பெட்டி முழுவதும் அதிர்ந்தால் கால்கள் சமமாக இல்லை அல்லது பின்புறக் குழாய் சுவரைத் தொடுகிறது என்று பொருள். தரையைச் சமப்படுத்தினாலே அது அடங்கும். கம்ப்ரசர் நிற்கும் கணத்தில் கலனுக்குள் தடதடவென்ற பேரோசை கேட்டால் உள்ளே தாங்கும் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டியில் உரசும் ஒலி வந்தால் பனி வளர்ந்து விசிறி இறக்கையைத் தொட்டிருக்கும். உறுமலும் டிக் ஒலியும் மாறிமாறி வந்தால் மின்னழுத்தம், ரிலே, கம்ப்ரசர் மூன்றில் ஒன்றில் குறை.

மிகவும் ஏமாற்றும் பழுது அமைதியானது. கேஸ் கசிந்த பெட்டி வழக்கமான ஓசையோடு நிற்காமல் ஓடும், குளிராது. ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் பனி படிவது அதன் தொடக்க அறிகுறி. கெட்டித்த பனியைக் கத்தியால் குத்தி எடுப்பது இந்தக் கசிவுக்குப் பரவலான காரணம். ஃப்ரீசரின் மெல்லிய அலுமினியச் சுவருக்குள்தான் வளிக்குழாய் ஓடுகிறது.

நிற்காமல் ஓடுவதற்கு விலை உண்டு. 120 வாட் எடுக்கும் ஒரு கம்ப்ரசர் நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 60 நாள்களுக்கு சுமார் 58 யூனிட் ஆகும். அதே கம்ப்ரசர் 24 மணி நேரமும் ஓடினால் சுமார் 173 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 2016 முதல் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். ஆக, பழுதான ஒரு பெட்டி ஒரு குடும்பத்தைக் கட்டணமில்லா வரம்பிலிருந்து தனியாகவே வெளியே தள்ளிவிட முடியும். கதவு ரப்பரின் கிழிசல், சுவரோடு ஒட்டி வைத்த பெட்டி, தூசி படிந்த பின்குழாய் ஆகிய எளிய குறைகளும் கம்ப்ரசரைக் கூடுதல் நேரம் ஓடச்செய்பவை. சுற்றுப்புற வெப்பத்துக்கு ஏற்பப் பெட்டிகள் வகைப்படுத்தப்படுகின்றன. 'டி' என்ற வெப்பமண்டல வகை 43 பாகைவரை தாங்கும், 'என்' வகை 32 பாகைவரையே தாங்கும். கரிவலம்வந்தநல்லூர் போன்ற ஊர்களின் கோடைக்கு இரண்டாவது வகை போதாது.

வானுக்குச் சென்ற கசிவு

வீட்டுக்குள் யாரையும் கொல்லாத ஆர்-12 வானில் வேறுவிதமாக நடந்துகொண்டது. மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று காட்டினர். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பது வெளியானது. 1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. வளரும் நாடுகள் இந்த வளிகளைக் கைவிட 2010 தொடக்கம் கெடுவாக இருந்தது.

மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்கவில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. அதைக் குறைக்க 2016-இல் கிகாலி திருத்தம் வந்தது. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. இன்றைய வீட்டுப் பெட்டிகளில் பெருமளவு இருப்பது ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். சமையல் எரிவாயுவின் உறவினமான இது வானுக்குத் தீங்கு செய்வதில்லை, ஆனால் தீப்பற்றும். ஒரு பெட்டியில் இருப்பது சில பத்து கிராம் மட்டுமே என்பதால் வீட்டுக்கு ஆபத்து குறைவு. பழுதுபார்ப்பவருக்கு நிலைமை அப்படியல்ல. ஆர்-12 காலத்தில் மெக்கானிக் குழாயை வெட்டி, மிஞ்சிய கேஸை வெளியே விட்டு, தீச்சுடரால் பற்றவைத்து, மறுபடி நிரப்பிவிடுவார். ஐசோபியூட்டேன் இருக்கும் குழாயருகே சுடர் கொண்டுசெல்வது விபத்தில் முடியலாம். அறையில் காற்றோட்டம் வேண்டும், வளியை எடையிட்டு நிரப்பவேண்டும், வளி முழுதும் வெளியேறியதை உறுதிசெய்தபின்பே வெப்பம் காட்டவேண்டும். உலகம் நச்சிலிருந்து ஓசோன் சிதைவுக்கும், அதிலிருந்து தீப்பற்றும் வளிக்கும் நகர்ந்தபோது, கடைசிக் கட்டத்தின் ஆபத்தைச் சுமப்பவர் இரண்டு சக்கர வண்டியில் வந்து பெட்டியைத் திறக்கும் மெக்கானிக். தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கென இரண்டாண்டுப் படிப்பு உண்டு. கடையில் கைவேலையாகக் கற்றவர்களுக்கு இந்த மாற்றத்தைச் சொல்லித்தர குறுகியகாலப் பயிற்சிகளும் நடத்தப்பட்டன.

இரைச்சலும் அண்மைக்காலத்தில் வெகுவாகக் குறைந்துள்ளது. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்பது நின்று நின்று ஓடாமல் தேவைக்கேற்ற வேகத்தில் மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பது. மின்வெட்டுக் காலத்தில் மின்கலப் பெட்டியின் பெயராகத் தமிழ் வீடுகளுக்குள் வந்த இன்வெர்ட்டர் என்ற சொல் இங்கே வேகத்தை மாற்றும் மின்னணுப் பலகையைக் குறிக்கிறது. பழைய பெட்டியில் ரிலே கெட்டால் மலிவாக மாற்றலாம். இதில் பலகை கெட்டால் பலநேரம் முழுப் பலகையையும் மாற்றவேண்டும்.

ஏழ்மையை அளந்த பெட்டி

எந்த ஊரில் எத்தனை வீடுகளில் ஃப்ரிட்ஜ் உண்டு என்பதற்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விடை இல்லை. அதில் வானொலி, தொலைக்காட்சி, மிதிவண்டி ஆகியவை கேட்கப்பட்டன, ஃப்ரிட்ஜ் கேட்கப்படவில்லை. தமிழ்நாட்டு அரசின் விலையில்லாப் பொருள்களிலும் அது இடம்பெறவில்லை. 2006-க்குப் பின் தொலைக்காட்சியும் 2011-க்குப் பின் மிக்சி, கிரைண்டர், விசிறியும் தரப்பட்டன. மாவரைக்கும் இயந்திரம் வீட்டுக்கு வந்தது, அரைத்த மாவைக் காக்கும் பெட்டியைக் குடும்பமே வாங்கவேண்டியிருந்தது.

ஃப்ரிட்ஜைக் கேட்ட கணக்கெடுப்பு வேறொன்று. 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் ஊரகக் குடும்பங்களை ஏழைகள் பட்டியலிலிருந்து தாமாகவே விலக்கும் 14 அளவுகோல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று வீட்டில் ஃப்ரிட்ஜ் இருப்பது. இந்திய ஊரகக் குடும்பங்களில் சுமார் 11 சதவீதத்திடம் அது இருந்ததாக அக்கணக்கெடுப்பு காட்டியது. 2016-இல் தொடங்கிய ஊரகப் பிரதமர் வீட்டுவசதித் திட்டமும் இதே பட்டியலைப் பயன்படுத்தியது. புதியது, பழையது என்ற வேறுபாடு அந்த அளவுகோலில் இல்லை. நகரத்து உறவினர் கொடுத்த பழைய பெட்டியும் பழைய பொருள் கடையில் வாங்கிய பெட்டியும் கடைப்பெட்டிக்குச் சமமான சொத்தாகவே கணக்கிடப்படக்கூடியவை. கூரை ஒழுகும் வீட்டில் இரைச்சலோடு ஓடும் ஒரு ஃப்ரிட்ஜ், அந்தக் குடும்பத்துக்குக் கூரை கிடைக்காமல் போகக் காரணமாகலாம் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2024-இல் விதிகள் தளர்த்தப்பட்டபோது விலக்கு அளவுகோல்கள் 10 ஆகக் குறைந்தன. இருசக்கர வண்டியோடும் தரைவழித் தொலைபேசியோடும் ஃப்ரிட்ஜும் அப்பட்டியலிலிருந்து நீங்கியது. மாநகரத்தின் ஆடம்பரமாகத் தொடங்கிய பெட்டி அவசியப் பொருளாக அரசு ஆவணத்தில் ஏற்கப்பட அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆயின.

பெட்டியின் முடிவு

பழுதுபார்க்க முடியாத ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குச் செல்கிறது. செம்பு, அலுமினியம், கம்ப்ரசர் ஆகியவற்றுக்கு அங்கே விலை உண்டு. குழாயை வெட்டும்போது மிஞ்சிய வளி காற்றில் கலக்கிறது. பழைய பெட்டிகளின் சுவருக்குள் இருக்கும் வெப்பத்தடுப்பு நுரையிலும் குளோரோஃபுளோரோகார்பன் அடைபட்டிருந்தது, நுரையை உடைத்தால் அதுவும் வெளியேறும். 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் ஃப்ரிட்ஜையும் உள்ளடக்கின. 2023 ஏப்ரலில் புதிய விதிகள் அமலுக்கு வந்தன. அவற்றின்படி பழைய பெட்டிகளை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளரைச் சேர்ந்தது. பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையங்கள் பெருநகரங்களையும் தொழிற்பேட்டைகளையும் ஒட்டியே அமைகின்றன. சிற்றூரில் பெட்டியை எடுத்துச்செல்ல வாசலுக்கு வருபவர் பழைய இரும்பு வாங்கும் வியாபாரிதான்.